பச்சையில் நின்ற ஊசி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சுகமா, சாப்பிடுகிறாயா என்றெல்லாம் எழுதினால் நீ எப்படியும் தாண்டித்தான் படிப்பாய். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கொட்டகையில் கட்டிக்கொண்டிருந்த தட்டான் விமானம் முடிந்துவிட்டது. "இதுல ஏறினா மேல போகலாம், திரும்பி வர வேண்டிய வேலையே இல்ல" என்று விமானப் பரிசோதகர் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனாயே, அதே தட்டான்தான். நீ பழித்த இறக்கையின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தார்கள். ஒரு முனகல்கூட இல்லை. உன் காதில் விழட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. தொல்லை வேறு இடத்தில். சிலிண்டரின் சூட்டைக் காட்டுகிற மீட்டர் ஒன்று இருக்கிறது. இன்ஜின் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஊசி பச்சைப் பட்டையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, சிவப்புக் கோட்டில் போய் முட்டுகிறது. உன் அத்தான் பதறிப்போய் நிறுத்திவிடுகிறார். ஆறவிட்டு ஓட்டினாலும் அதே கதை. காற்று போகிற தகடுகளை மாற்றினார், எண்ணெயை மாற்றினார், பெட்ரோல் கலவையை மாற்றினார். ஊசி மட்டும் மாறவில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் பரிசோதகர் கையெழுத்துப் போட்டாயிற்று. "ஊசி பச்சையில நின்னா பறங்க. நிக்கலைன்னா சக்கரம் தரையை விட்டு எழும்பக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆக, இத்தனை வருஷப் பாடும் இப்போது அந்த ஊசியின் முனையில் நிற்கிறது.

அச்சகத்திலிருந்து வந்ததும் கொட்டகைக்குள் போய் அந்த மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோனால் "வை" என்கிறார். அவ்வளவுதான் பேச்சு. என்னைப் "பல்லு" என்று கூப்பிட்டு எத்தனையோ நாளாயிற்று. செயற்கைப் பல் செய்து பிழைக்கிறவளுக்கு இதுவும் ஒரு குறையா என்பாய். குறைதான்.

உன் வேலையே சூடு அளக்கிற கருவிகளோடுதானே? என்ன செய்யலாம், சொல். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, நான் வேலை செய்கிற பல்கூடத்துக்கு அனுப்பு. உன் கையெழுத்தைப் பார்த்தால் அவர் அந்த மீட்டரைக் கழற்றிச் சாக்கடையில் வீசினாலும் வீசுவார்.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

மணல் மூட்டைச் செய்தி கிடைத்தது. நான் சொன்னது தப்பு. போதுமா? அதற்காக என் கருவிப் பெட்டியைத் தெருவில் வைத்து, "உன் பட்டத்தையும் சேர்த்து எடுத்துக்கிட்டுக் கிளம்பு" என்று அத்தான் சொன்னது சரியாகிவிடாது.

நீ எழுதிய கடிதத்தில் ஓர் அளவுகூட இல்லை. "கொஞ்ச நேரத்தில்", "போய் முட்டுகிறது". இதை வைத்து ஜோசியம்தான் பார்க்கலாம். அத்தான் செய்திருப்பதும் அதே ரகம். தகடு, எண்ணெய், கலவை மூன்றையும் மாற்றிப் போட்டால் எது குற்றவாளி என்று எப்படித் தெரியும்?

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான். இன்ஜின் நிஜமாகவே சூடாகிறதா, இல்லை மீட்டர் பொய் சொல்கிறதா? அது தெரியும்வரை ஒரு திருகைக்கூடத் தொடாதே.

ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் ஒரு செப்பு வளையம் மாட்டியிருக்கும். அதிலிருந்து இரண்டு கம்பிகள் மீட்டருக்குப் போகும். அந்த வளையம்தான் சென்சார். பிளக்கைக் கழற்றி வளையத்தை எடு. கம்பி மீட்டரில் அப்படியே இருக்கட்டும். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு வளையத்தை அதில் விடு. ஊசி எங்கே நிற்கிறது என்று எண்ணோடு எழுது. கொதிக்கிற தண்ணீர் நூறு டிகிரி. அது யாருக்காகவும் கூட்டிக் குறைத்துச் சொல்லாது.

அத்தானிடம் சொல்லிவிட்டே செய். ஒளித்துச் செய்ய இது என்ன திருட்டா?

இங்கே தாது உருக்கும் உலைகள் என் பொறுப்பில். முகாமில் ஒரே ஒரு தொலைபேசி, அதுவும் மேலாளர் அறையில். தபால் சரக்கு லாரியில்தான் வந்து போகிறது, மழை பெய்தால் லாரியும் வராது. அதனால் தாமதமானால் முசுடு கோபித்துக்கொண்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

தம்பி


ஏப்ரல் 25

முசுடு,

எண் கேட்டாயே, இந்தா. நூற்றிருபதுக்கு ஒரு நூல் கீழே. தண்ணீரை மாற்றி மறுபடி பார்த்தேன், அதே இடம்.

அவர் வேலைக்குப் போன நேரத்தில் தட்டானின் மூக்குக்குப் பக்கத்தில் ஸ்டவ்வை வைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்னங்க, விமானத்துக்குக் காபியா?" என்றாள். "ஆமாங்க, சர்க்கரை கம்மியா" என்றேன். அவள் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கொட்டகையில் யாராவது சிரித்து நாளாகிவிட்டது.

நூறுக்கு நூற்றிருபது காட்டினால் இன்ஜின் சூடாகவில்லை, மீட்டர்தான் பொய் சொல்கிறது. சரிதானே? எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. சந்தோஷத்தில்தான்.

அவரிடம் சொல்லிவிட்டுச் செய் என்றாய். சொல்லிப் பார்க்கத்தான் போனேன். சாப்பிடும்போது, "மீட்டர்லதான் கோளாறோன்னு தோணுது" என்றேன்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஏன், எனக்குத் தோணக் கூடாதா?"

"தோணலாம். ஆனா உனக்குத் தோணினா 'தோணுது'ன்னு சொல்ல மாட்டியே. 'மீட்டர் கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு'ன்னுதான் சொல்லுவே."

கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. தட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். இனி வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. அடுத்து என்ன, எழுது.

அக்கா


மே 4

அக்கா,

அத்தான் அந்தக் கம்பியை வெட்டியிருக்கிறார்.

போய்ப் பார். மீட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற கம்பி கிளிப்புகளுக்குள் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் விறைப்பாக இருக்கும். கடையிலிருந்து வரும்போது அது நீளமாக இருந்திருக்கும். அவருக்கு ஓரம் நீட்டிக்கொண்டிருந்தால் பொறுக்காது. அச்சகத்தில் தாளை வெட்டி வெட்டிப் பழகிய கை. கம்பியையும் வெட்டி, முடிந்து, அழகு பார்த்திருப்பார்.

அதில் என்ன தப்பு என்றால், அந்த மீட்டருக்கு பேட்டரி கிடையாது. வளையம் சூடானால் தானாகவே ஒரு துளி மின்சாரம் வரும். அந்தத் துளிதான் ஊசியைத் தள்ளுகிறது. கம்பி இவ்வளவு நீளம், அது இவ்வளவு தடுக்கும் என்று கணக்குப் பண்ணித்தான் மீட்டரில் எண்களைப் போட்டிருக்கிறார்கள். கம்பியைக் குறைத்தால் தடை குறையும், ஊசி கூடுதலாக ஓடும். அவ்வளவுதான் உங்கள் வீட்டுப் பேய்.

வெட்டிய தடையைத் திருப்பிக் கொடுத்தால் போதும். இதனோடு ஒரு துண்டுத் தடைக்கம்பி வைத்திருக்கிறேன். பென்சிலில் சுற்றிச் சுருளாக்கி, மீட்டருக்குப் பின்னால் ஒரு கம்பியின் நடுவே பற்றவை. வேண்டும் என்றேதான் நீளமாக அனுப்பியிருக்கிறேன். கொதிநீரில் வளையத்தை விட்டு, ஊசி நூறில் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. நூறில் நின்றால் நிறுத்து. பல் செட்டுக்குக் கம்பி பற்றவைக்கிற உனக்கு இது ஒரு வேலையே இல்லை.

சொல்லிவிட்டுச் செய் என்று போன தடவை எழுதினேன். "உங்கள் வெட்டுதான் காரணம்" என்று நீ அவரிடம் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் யார் கண்டுபிடித்தது என்று கேட்பார், என் பெயர் வரும், இன்னொரு ரகளை. விடு. சொல்லாமலே செய். ஊசி பச்சைக்கு வந்தால் சந்தோஷமாகப் பறக்கப் போகிறார். காரணம் தெரிந்து அவருக்கு என்ன ஆகப் போகிறது?

தம்பி


மே 13

தம்பி,

நீ சொன்னது சரி. கம்பி வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறது.

விமானியின் இருக்கையில் தலைகீழாகப் படுத்து, கால் மிதிக்கிற இடத்தில் தலையை விட்டு, மீட்டருக்குப் பின்னால் கையைக் கொடுத்துச் சுருளை வைத்துவிட்டேன். கொதிநீரில் ஊசி சரியாக நூறில் நின்றது. ஒரு மயிரிழை அப்படி இப்படி இல்லை. கறுப்பு டேப்பைச் சுற்றி, மற்ற கம்பிகளுக்கு நடுவே தள்ளிவிட்டேன். தேடினாலும் தெரியாது.

செய்யும்போது ஒன்றும் இல்லை. எழுந்து உட்கார்ந்த பிறகுதான் ஒரு மாதிரி இருந்தது. அந்த இருக்கையின் உறையை நான்தான் தைத்தேன், அவர் பக்கத்திலேயே நின்று துணியைப் பிடித்துக்கொண்டார். இப்போது அதே இருக்கையிலிருந்து திருடி மாதிரி இறங்குகிறேன். போகட்டும், ஊசி நின்றால் சரி.

மே 19

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. டேய், நின்றுவிட்டது!

இன்று இன்ஜினை ஓட்டினார். நான் அடுக்களையில் இருந்தேன். சத்தம் நிற்கவே இல்லை. எப்போதும் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடுவார் அல்லவா, இன்று ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு கொட்டகையிலிருந்து ஓடி வந்தார், கையெல்லாம் எண்ணெய். "பல்லு! நின்னுடுச்சு பல்லு! பச்சையைத் தாண்டவே இல்ல. பச்சை ஆரம்பிக்கிற இடத்துலயே சொகுசா உட்கார்ந்துடுச்சு!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். ரவிக்கையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்துவிட்டது. துவைக்க மனசில்லை.

"என்ன பண்ணுனீங்க?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

"கண்டுபிடிச்சுட்டேன்ல. என் தப்புதான். சரி பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"அது என்னோடயே போகட்டும். நீ சிரிப்பே."

பாவம், போன வாரம் எதையோ திருகிக்கொண்டிருந்தார், அதனால்தான் சரியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெரிய ஆளுதான்" என்று சொல்லி வைத்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

29ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பறக்கிறார். பரிசோதகரும் வருகிறார். திடலுக்கு இழுத்துப்போக டிரெய்லர் சொல்லியாயிற்று. எல்லாம் முடிந்த பிறகு, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, உன்னைப் பற்றிப் பேச்செடுக்கிறேன்.

அக்கா


மே 27

அக்கா,

பாதை அடைத்துக் கிடந்தது. உன் கடிதம் இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது.

ஊசி பச்சை ஆரம்பிக்கிற இடத்தில் நிற்கக் கூடாது. நீ வைத்த சுருளோடு அது பச்சையின் நடுவில் நின்றிருக்க வேண்டும். "என் தப்புதான், சரி பண்ணிட்டேன்" என்று அவர் சொன்னதை நீ எப்படிக் காதில் வாங்காமல் விட்டாய்? அவருடைய தப்பு என்ன? கம்பியை வெட்டியது. அதை அவரும் கண்டுபிடித்திருக்கிறார். அவரும் ஒரு சுருள் வைத்திருக்கிறார். உன்னுடையது ஒன்று, அவருடையது ஒன்று. இப்போது மீட்டர் குறைத்துச் சொல்கிறது. இன்ஜின் வெந்துபோகும்போதும் ஊசி சிவப்பைத் தொடாது.

மேலாளர் அறைக்குள் ஓடினேன். பல்கூடத்துக்கு அடித்தேன். நீ ஏதோ ஆஸ்பத்திரிக்கு அளவெடுக்கப் போயிருக்கிறாய் என்றார்கள், விஷயத்தைச் சொல்வதற்குள் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு அடித்தேன். அவர் எடுத்தார்.

"அத்தான், நான்தான். ஞாயிற்றுக்கிழமை பறக்காதீங்க. அந்த ஊசியை நம்பாதீங்க. கம்பியைக் கழட்டிப் பாருங்க."

"ஞாயிற்றுக்கிழமைன்னு உனக்கு யார் சொன்னது?"

"அதை விடுங்க, முதல்ல கம்பியைப் பாருங்க" என்றேன்.

"என் கொட்டகைக்குள்ள இருக்கிற ஊசியைப் பத்தி, எங்கேயோ இருக்கிற உனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லியிருக்க வேண்டும். அக்கா ஒரு சுருள் வைத்திருக்கிறாள் என்று நாலு வார்த்தை. உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டுமே என்று ஒரு மூச்சு விடுகிற நேரம் யோசித்தேன். எதற்கும் யோசிக்காத நான் அதற்குப் போய் யோசித்தேன். அவர் வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மேலாளர் என்னை வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நாளைக் காலையில் கதவைத் திறந்ததும் அடிக்கிறேன். எடுப்பது நீயாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஞாயிறு போயிருக்கும். தெரிந்தும் எழுதுகிறேன். சும்மா உட்கார முடியவில்லை.

தம்பி


ஜூன் 2

தம்பி,

உயிர் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு காலும் போயிற்று. முதுகெலும்பில் அடி. நடப்பாரா என்று கேட்டால் டாக்டர் ஜன்னல் பக்கம் பார்க்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை என்றுதான் எல்லாம் பேசியிருந்தது. சனிக்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பியபோது சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்தே முகம் சரியில்லை. கேட்டதற்குத் தலைவலி என்றார். தட்டான் முந்தின நாள் சாயங்காலமே டிரெய்லரில் திடலுக்குப் போயிருந்தது. நான் போனதும் இவரும் அங்கே போயிருக்கிறார். பரிசோதகருக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. திடல் காவலாளி ஒருவர்தான் பார்த்தவர். "நல்லாத்தாம்மா மேல போனாரு. திடீர்னு சத்தம் இல்ல. திரும்பப் பார்த்தாரு, எட்டல" என்றார்.

ஏன் சனிக்கிழமை? ஏன் என்னிடம்கூடச் சொல்லாமல்? இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உழுத வயலில் தட்டான் குப்புறக் கிடந்தது. இன்ஜினைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. ஊசி அந்தச் சூட்டிலும் பச்சையில்தான் நின்றது. வளையத்திலிருந்து வருகிற கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போனேன். இன்ஜினுக்குப் பக்கத்தில், டேப்புக்குள், ஒரு சுருள். நான் வைத்தது இல்லை. என்னுடையதைவிட நேர்த்தியாகச் சுற்றியிருந்தது.

அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் நான் செய்த முதல் காரியத்தைக் கேள். மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு என்னுடையதைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கம்பியை முறுக்கி இணைத்துவிட்டேன். பரிசோதகர் பிறகுதான் வந்தார்.

அக்கா


ஜூன் 10

அக்கா,

சனிக்கிழமை காலை கதவு திறந்ததிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தேன். பல்கூடத்துக்கு லைனே கிடைக்கவில்லை. உங்கள் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்காதே.

புது இன்ஜின் இறுக்கமாக இருக்கும். மேலே ஏறும்போது சூடு வேகமாகக் கூடும். ஊசி சரியாக இருந்திருந்தால் சிவப்பைத் தொடுவதற்கு முன்பே மூக்கைத் தாழ்த்தி இன்ஜினைத் தணித்திருப்பார். ஊசி "ஒன்றும் இல்லை, போ" என்றது. போனார். இதை எழுதுவதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. எனக்கு வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை.

அந்தச் சுருளைப் பரிசோதகரிடம் கொடு. இப்போதே. இல்லாவிட்டால் அத்தானின் சுருள் ஒன்றுதான் கணக்கில் இருக்கும். அவர் அளவு தெரியாமல் வைத்தார் என்று எழுதிவிடுவார்கள்.

தம்பி


ஜூன் 19

தம்பி,

உன் மே 27ஆம் தேதிக் கடிதமும் ஜூன் கடிதமும் ஒரே கட்டாக வந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன்.

ஏன் சனிக்கிழமை என்று கேட்டேனே, பதில் கிடைத்துவிட்டது. நீ போன் செய்திருக்கிறாய். அவர் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தன்னைப் பின்னாலிருந்து இழுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நாம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஏறிவிட்டார். உன்னைத் திட்டத்தான் தாளை எடுத்தேன். எழுத வரவில்லை. நீ போன் செய்யாமல் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை விழுந்திருப்பார். அவ்வளவுதானே வித்தியாசம்.

நீ சொன்னது நடந்துவிட்டது. "மீட்டர் கம்பியில் விமானத்தைக் கட்டியவர் சேர்த்த சுருளின் அளவு தவறு" என்று எழுதிக் கொண்டுவந்து படித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறார். கம்பியின் நீளம், தடை, சூடு. போட்டு, அடித்து, திரும்பப் போடுகிறார். "திரும்பத் திரும்பப் பார்த்துத்தானே வெச்சேன் பல்லு. எங்க விட்டேன்னே தெரியலையே" என்கிறார். எத்தனை ரீம் தாள் வந்தாலும் மனக்கணக்கிலேயே சொல்கிறவர் அவர். நேற்று நர்ஸ் மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்ததும், "நீங்களே இன்னொரு தடவை எண்ணிருங்க, என் கணக்கு சரியில்ல" என்றார். அந்தப் பெண் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள்.

எனக்குத் தெரிகிறது. பக்கத்து ஸ்டூலில், மடியில் அந்தக் கைப்பையோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல முடியாது. தன் கணக்கு தப்பு என்றால் தாங்கிக்கொள்வார். தன் இருக்கையில் நான் தலைகீழாகப் படுத்து, உன் கம்பியை வைத்தேன் என்று தெரிந்தால் தாங்க மாட்டார். இதில் இனிமேல் நீ தலையிடாதே.

அக்கா


ஜூன் 27

அக்கா,

சொல்.

அவர் கணக்கு சரி. ஊசி பச்சை ஆரம்பிக்கிற இடத்தில் நின்றது என்று எழுதினாயே, அதை வைத்து நான் போட்டுப் பார்த்துவிட்டேன். அவர் வைத்தது சரியான அளவுச் சுருள். உன்னுடையது அங்கே இல்லாமல் இருந்திருந்தால் ஊசி சரியாகக் காட்டியிருக்கும். சரியாகச் செய்த ஒரு மனுஷன் தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டு சாகும்வரை அந்தக் கட்டிலில் கிடக்க வேண்டுமா? கால் போயிற்று. அதையும் எடுத்துக்கொள்ளாதே.

சொல்லாமல் செய் என்று எழுதியது நான். அதையும் சேர்த்துச் சொல். நீ சொல்லாவிட்டால் அடுத்த லாரியில் ஏறி வந்து நான் சொல்வேன்.

தம்பி


ஜூலை 7

தம்பி,

சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கொதிநீர், பக்கத்து வீட்டுக்காரி, நீ அனுப்பிய கம்பி, நீ எழுதியது, நான் எழுதியது, வயலில் பிடுங்கியது. கைப்பையிலிருந்து சுருளை எடுத்துப் போர்வையின் மேல் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்தார். நகத்தால் மெதுவாகப் பிரித்து, சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்து நீளம் அளந்தார். "பென்சில்" என்றார். கொடுத்தேன்.

ரொம்ப நேரம் போட்டார். அவருடைய சுருளையும் என்னுடையதையும் சேர்த்து, விழுவதற்கு முன்னால் அவர் கண்ணால் பார்த்த அளவை வைத்து, உண்மையில் எவ்வளவு சூடு இருந்திருக்கும் என்று. கடைசியில் அடியில் ஒரு கோடு போட்டார்.

"சரியா வருது" என்றார்.

விபத்துக்குப் பிறகு அந்த முகத்தில் நான் பார்த்த முதல் வெளிச்சம் அதுதான். அந்த ஒரு நிமிஷம் உனக்கு நன்றி சொன்னேன், மனசுக்குள். "பல்லு" என்பார் என்று காத்திருந்தேன். தாளின் கிழிந்த ஓரத்தை மடித்து, நேராகக் கிழித்து எடுத்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "பஸ் போயிடும், கிளம்புங்க" என்றார். யாரோ வந்திருக்கிறார்கள், அவர்களிடம் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

மறுநாளும் போனேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், "தேங்க்ஸ்" என்றார்.

இன்று பரிசோதகரை வரச் சொல்லியிருந்தார். கணக்குத் தாளைக் காட்டினார். அறிக்கையைத் திருத்த வேண்டும், இரண்டு சுருள் இருந்தது, தன்னுடையது சரியான அளவு என்று ஒவ்வொரு வரியாக விளக்கினார். குரல் கணீரென்று இருந்தது. பரிசோதகர் சுருளைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப இதை யாருங்க வெச்சது?" என்றார்.

நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம், கையில் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"வெளியாள்" என்றார். "எனக்குப் பழக்கமில்ல. அப்படியே எழுதிக்குங்க."

பரிசோதகர் எழுதிக்கொண்டார். நான் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா